விசாரணை என்றொரு சொல்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் எவரும் 'விசாரணை' என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகக் கற்பதில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் இஸ்தோப்பில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருக்கும் ஏதோவொரு மாலைப்பொழுதில் அது காதில் விழுந்துவிடுகிறது. கொழுந்து நிறுவையில் கணக்கப்பிள்ளையோடு வாக்குவாதப்பட்டவளுக்கு ஆபீசில் விசாரணை. கொந்தரப்பு வேலை முடியுமுன் மலையிலிருந்து இறங்கிவிட்டவனுக்கு விசாரணை. அடுத்த தோட்டத்து உறவினரை நாலு நாள் காம்பராவில் தங்க வைத்தவருக்கும் ஒரு காலத்தில் விசாரணை. கேட்பவர் நாற்காலியில் வீற்றிருப்பார். கேட்கப்படுபவர் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பார். அவ்விருவருக்கும் இடைப்பட்ட தூரந்தான் அச்சொல்லின் பொருள் என்று சொன்னால், அகராதிக்காரர்கள் ஒப்பாவிட்டாலும் தோட்டத்தார் ஒப்புவார்கள்.

தலவாக்கலையைச் சூழ்ந்த தோட்டப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உபாத்திமைத் தொழில் பார்த்தவன் நான். சமூகக் கல்வியை 'விசாரணை முறை'யிலே கற்பிக்க வேண்டும், பிள்ளைகள் வினாக்களை எழுப்பித் தாமே விடை தேட வேண்டும் என்று ஆசிரியர் கைந்நூல்கள் போதிக்கத் தொடங்கிய நாளில், அந்த முறைக்கு எங்கள் மண்ணில் முதல் இடையூறாக வந்து நின்றது அதன் பெயரேதான் என்பதை நான் உணர்ந்துகொள்வதற்குச் சில வருஷங்கள் பிடித்தன. அந்தச் சொல்லின் பூர்வகதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்க்காமல், எங்கள் வகுப்பறையில் நிகழ்ந்ததை விளங்கச் சொல்ல எனக்கு இயலாது.

தலவாக்கலை, இலங்கை மலைநாட்டில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 4000 அடி உயரத்தில், கொத்மலை ஓயாவின் கரையில் அமைந்த சிறு பட்டணம். நாவலப்பிட்டியிலிருந்து மலையேறிய புகையிரதப் பாதை 1884-இல் ஹட்டனையும் 1885-இல் நானுஓயாவையும் எட்டியபோது நடுவழியில் ஒரு நிலையத்தைப் பெற்று, அதன் பயனாகக் கடைவீதியும் தபாற்கந்தோரும் வந்து சேர்ந்த ஊர் இது. 2012-இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணைக்கட்டு அதன் முகத்தை வேறாக்கிவிட்டது. பழைய ஊரை அறிந்தவர்கள் இன்று நீர்ப்பரப்பைச் சுட்டிக்காட்டித்தான் கடை இருந்த இடத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலங்கையில் 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை இருபது வருஷத்துக்குள் பாழ்படுத்தவே, அது நின்ற மலைச்சரிவுகளில் தேயிலை ஏறிற்று. மட்டுக்கலை, லோகி, ஹோலிரூட், கிரேட்வெஸ்டர்ன், வட்டகொடை என்று இன்றும் வழங்கும் தோட்டங்களுக்குத் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் குடியானவர்கள் ஆள்திரட்டும் கங்காணிமார் பின்னே வந்து சேர்ந்தார்கள்.

அவ்வாறு வந்தவர்களைப் பற்றி எஞ்சியிருக்கும் ஏட்டுச் சான்றுகளைப் புரட்டுபவர்க்கு ஓர் உண்மை பளிச்செனத் தோன்றும்: அவை யாவும் பிறர் கேட்ட வினாக்களுக்கு இவர்கள் அளித்த விடைகள். இந்தியக் கரையில் இருந்த மண்டபம் முகாமிலே பெயர், ஊர், கங்காணி யார் என்று கேட்டார்கள். தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரவில்லையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தோட்டத்துக்கு வந்தபின் செக்ரோல் என்னும் ஆள்பதிவேட்டில் பெயரெழுதக் கேட்டார்கள். வேறு தோட்டம் போக விரும்பியவனிடம் 'துண்டு' இருக்கிறதா என்று கேட்டார்கள். கடனை அடைத்தால் ஆளை விடுவிக்கச் சம்மதம் என்று எழுதிய அந்தத் துண்டுக் காகிதம் 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, ஒரு குடும்பம் எங்கே உறங்கும் என்பதையே தீர்மானித்துவந்தது. இவர்கள் கேட்ட வினாக்களோ எந்த ஏட்டிலும் பதியப்பெறவில்லை.

பாடசாலையும் அந்தச் சம்பிரதாயத்திலிருந்து பெரிதும் விலகியதன்று. 1907-ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்துத் தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகிகளான துரைமார்மீது சுமத்திற்று; 1920-இன் கல்விச் சட்டம் அதனை வலியுறுத்திற்று. சட்டம் வந்ததே தவிர, பத்து வயதுப் பிள்ளையின் கை கொழுந்துக்கும் புல்வெட்டுக்கும் உதவும் என்பதை அறிந்த நிர்வாகங்கள் எத்துணை ஆவலோடு பள்ளி கட்டியிருக்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எழுந்தவை பெரும்பாலும் ஒற்றை மண்டபங்கள்: அரைச் சுவர், தகரக் கூரை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டை ஒப்பிக்க, முதலாம் வகுப்பு அரிச்சுவடியைக் கூவ, ஐந்தாம் வகுப்பு கரும்பலகையைப் பார்த்துப் பலகையில் எழுதும். தென்மேல் பருவமழை தகரத்தின்மேல் அறைந்து இறங்கும் மாதங்களிலே ஒருவர் குரல் மற்றொருவருக்குக் கேளாது. ஆசிரியர் வாயசைப்பார், பிள்ளைகளும் வாயசைப்பார்கள். நான் படித்ததும் அப்படியொரு மண்டபத்தில்தான். அங்கே கேள்வி என்பது ஆசிரியருக்கு முன்பே விடை தெரிந்த ஒன்று. விடை என்பது எல்லோரும் ஒரே குரலில் சொல்வது. தனியே ஒருவன் எழுந்து வேறொன்றைக் கேட்டால், அது அதிகப்பிரசங்கித்தனம்.

ஆயினும், உள்ளே புகுந்தும் உள்ளேயிருந்தும் கேட்கத் துணிந்தவர்கள் அறவே இல்லாமற் போகவில்லை. அந்நியர் தோட்டத்துக்குள் காலடி வைத்தாலே அத்துமீறல் என்றிருந்த காலத்தில், தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி வேடம் பூண்டு லயங்களுக்குள் புகுந்து நிலைமையைக் கேட்டறிந்தார் என்பது மலையகம் நன்கறிந்த விருத்தாந்தம். மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை வேறொரு வகையில் கேட்டார். நாற்று நடும்போதும், பிள்ளையைத் தாலாட்டும்போதும், ஒப்பாரி வைக்கும்போதும் இம்மக்கள் பாடியவற்றைக் காது கொடுத்துக் கேட்டு ஆண்டுக்கணக்காகத் திரட்டியவர் அவர். அத்தொகுப்பு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற பெயருடன் 1983-இல் நூலாக வெளிவந்தது. அவரையே 1947-இல் தலவாக்கலைத் தொகுதி முதலாவது பாராளுமன்றத்துக்கு அனுப்பியது என்பதை இன்று எங்கள் பிள்ளைகளிடம் சொன்னால், அதை நம்புவதற்கு அவர்களுக்குச் சற்று நேரம் தேவைப்படுகிறது. இலங்கை இந்திய காங்கிரசின் சார்பில் அன்று வென்ற எழுவரில் அவர் ஒருவர்.

அடுத்து வந்தது பெரிய விசாரணை. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை வெளியே நிறுத்திற்று. 1949-இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டம், உள்ளே வர விரும்புவோர் விண்ணப்பித்து நிரூபிக்கலாம் என்றது. நிரூபிக்க வேண்டியது யாது? 1946-ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதிக்கு முன்னர், விவாகமானவராயின் ஏழு ஆண்டும், ஆகாதவராயின் பத்து ஆண்டும் இடையறாமல் இந்நாட்டில் வசித்தமையை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கொழுந்து பறிக்கும் பெண், தான் இருந்த இடத்தில் இருந்தாள் என்பதற்கு எதைக் காட்டுவாள்? செக்ரோலைக் காட்டலாம், அது துரையின் கையில் இருக்கிறது. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் சென்றன. ஆண்டுக்கணக்கில் விசாரணைகள் நடந்தன. தகப்பனின் கருமாதிக்கு ஊருக்குப் போனவன் எத்தனை மாதம் தங்கினான் என்பது ஒரு குடும்பத்தின் நாட்டையே நிர்ணயித்தது. 1952-இல் தலவாக்கலை வாக்காளர் இடாப்பில் இம்மக்கள் பெரும்பாலும் இல்லை. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964-இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியவர்களைத் தலைக்கணக்காகப் பங்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எழுதிற்று. கடைசியில் 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டந்தான் மிச்சமிருந்தோரைப் பிரஜைகளாக்கியது. ஐம்பத்தைந்து வருஷ விசாரணை. அந்த நீட்சிக்குள் பிறந்து, வளர்ந்து, தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்து, இறந்து போனவர்கள் உண்டு.

இனி, தலவாக்கலையின் மற்றொரு கீர்த்திக்கு வருகிறேன். இவ்வூரை வெளியுலகம் அறிந்தது பாடசாலைகளால் அன்று. செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தால். 1925-இல் தொடங்கப்பெற்ற அந்த ஸ்தாபனத்தின் பாத்திகளிலே, ஒரு பாத்திக்கு ஓர் உரமும் அதனையடுத்த பாத்திக்கு வேறோர் உரமும் இட்டு, இரண்டின் விளைச்சலையும் அளந்து ஒப்பிட்டுத் தேயிலைச் செடியின் சுபாவத்தை அணுவணுவாக அறிந்தார்கள். 1946-இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது அதற்கு மாற்றுக் கண்டவர்களும் அவர்களே. ஆகவே எங்கள் பக்கத்தில் 'ஆராய்ச்சி' என்றால் செடிக்கு நடப்பது. 'விசாரணை' என்றால் ஆளுக்கு நடப்பது. இந்தப் பாகுபாட்டை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சொற்கள் அவ்வாறே வழங்கின.

அதே 1946-இல், குடியிருப்பை அளக்கும் கோடாகச் சட்டம் பின்னர் பிடித்துக்கொண்ட அதே ஆண்டில், ஜெர்மனியிலிருந்து யூதர் என்ற காரணத்தால் வெளியேறி அமெரிக்காவில் குடிபுகுந்த கூர்ட் லெவின் என்னும் உளவியல் அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். செயல்வழி ஆராய்ச்சியையும் சிறுபான்மையினர் பிரச்சினைகளையும் பற்றியது அது. ஒரு காரியத்தைத் திட்டமிட்டுச் செய்து, என்ன நிகழ்ந்தது என்று பார்த்து, கண்டதைக் கொண்டு திட்டத்தைத் திருத்தி மறுபடியும் செய்வதையே ஆராய்ச்சியாகக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து. 1953-இல் ஸ்டீபன் கோரி அதனை அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு உரியதாக்கினார். 1975-இல் இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், பாடத்திட்டம் என்பது ஆசிரியர் தம் வகுப்பறையில் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு கருதுகோளே என்ற நிலைக்கு அதைக் கொண்டுவந்தார். அவர்கள் காலத்துக் கல்வியாய்வாளர் பலர், செயின்ட் கூம்ஸ் பாத்திகளில் செய்வதைப் போலவே பிள்ளைகளை இரண்டு பகுதியாக்கி, ஒன்றுக்கு இந்த முறை, மற்றதற்கு அந்த முறை என்று புகட்டி, முன்னும் பின்னும் அளந்து வந்தனர். 1972-இல் பார்லெட், ஹாமில்டன் என்னும் இருவர் இதற்கு விவசாயத் தாவரவியல் வழி என்றே பெயரிட்டுக் குறை கூறினர். ஸ்டென்ஹவுஸோ, ஆசிரியர் ஆயிரம் ஏக்கருக்கு ஒரே மருந்து தெளிக்கும் பண்ணைக்காரர் அல்லர், செடிக்குச் செடி வேறு கவனம் காட்டும் தோட்டக்காரர் என்ற கருத்துப்பட எழுதினார். தேயிலைக்குள் பிறந்தவனுக்கு இந்த வாதம் எளிதில் விளங்கிவிடும். வரி பிடித்து ஒரே மட்டத்தில் கவ்வாத்துச் செய்த மலையையும், லயத்துக்குப் பின்னால் அவரை, பீர்க்கு, ரோஜா எல்லாம் கலந்து கிடக்கும் வீட்டுத் தோட்டத்தையும் ஒருசேரப் பார்த்தவர்கள் நாங்கள்.

இந்தச் சிந்தனைகள் எங்கள் வகுப்பறையை எட்டியது மெல்ல மெல்லத்தான். சரித்திரம், பூமிசாஸ்திரம், குடியியல் மூன்றையும் ஒன்றாக்கிச் 'சமூகக் கல்வி' என்ற பாடம் 1972-இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது அதற்கும் பின்னர். 1980-களின் மத்தியில் ஸ்வீடன் நாட்டு உதவியும், அதனையடுத்து ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும், தோட்டத்துப் பிள்ளைகளே பயிற்றப்பட்ட ஆசிரியர்களாகித் தோட்டத்துக்குத் திரும்பும் வழியைத் திறந்தன. 2007-இல் தேர்ச்சியை மையமாகக் கொண்ட கலைத்திட்டம் வந்து, சமூகக் கல்வி என்ற பெயரே மறைந்து, பாடங்கள் மீண்டும் பிரிந்தன. நாங்கள் பழக்கதோஷத்தால் சமூகக் கல்வி என்றே சொல்லிவந்தோம். பெயர் எதுவானாலும், என் கைக்கு வந்த நூல்களில் குளங்களும் அரசர்களும் நிறைய இருந்தனர். தேயிலை ஏற்றுமதிப் பொருளாகவும், கொழுந்து பறிப்பவள் ஒரு படமாகவும் இருந்தார்கள்.

அக்காலத்தில் எங்கள் பாடசாலைக்கு ஆசிரியப் பயிற்சியின் கட்டுறுப் பயில்வுக்காக ஓர் இளம் ஆசிரியை வந்திருந்தார். லெவின் சொன்ன செயல்வழி ஆராய்ச்சியின் வகையில், செயல்நிலை ஆய்வு ஒன்று அவர் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. என் தரம் 9 வகுப்பின் கடைசி வாங்கில், பாடவேளை முழுவதும் ஒரு சீ.ஆர். கொப்பியோடு அமர்ந்திருந்து, முடிந்ததும் மிகுந்த மரியாதையுடன், "சேர், இன்னைக்கு நீங்க நெறையக் கேள்வி கேட்டீங்க. பிள்ளைங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு" என்றார். எது என்று ஆவலோடு வினவினேன். "வெளிய போகலாமா சேர்னு" என்றார்.

கோபம் வந்தது என்பதை மறைப்பானேன்? அன்றிரவு முழுவதும் அவர்மீது கோபமாயிருந்து, விடிந்தபோது அது என்மீது திரும்பியிருந்தது. இருவரும் சேர்ந்து ஒரு பாடத்தை விசாரணை முறையில் அமைப்பதென்று தீர்மானித்தோம். 'எங்கள் குடும்பம் இம்மலைக்கு வந்த வரலாறு' என்பது தலைப்பு. நான் பத்து வினாக்களைத் தயாரித்தேன். பூர்வீக ஊர் எது, வந்த ஆண்டு எது, கொண்டுவந்த கங்காணி யார், இந்தியாவுக்குத் திரும்பிப் போனதுண்டா என்று, இன்று படித்துப் பார்க்கையில் எனக்கே உடல் கூசும்படி, ஒழுங்கான வரிசையில். பிள்ளைகள் அவற்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டு லயத்துக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் ஒரு மாணவியின் அம்மாயி பாடசாலைக்கு வந்துவிட்டார். எண்பதை எட்டிய கிழவி. கம்பளியால் தலையை மூடிக்கொண்டு, மேட்டு லயத்திலிருந்து அந்த மூடுபனியில் இறங்கி வந்து, வகுப்பறையின் உள்ளே நுழையாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இன்னொரு பை; அதற்குள் மடிப்புகளில் பிய்ந்து, நாடா ஒட்டிய காகிதங்கள். பிறப்புச் சான்று, விவாகப் பதிவு, பிரஜாவுரிமைப் பத்திரம், புருஷனின் மரணச் சான்று, அடையாள அட்டை.

"வாத்தியாரையா, எல்லாம் இருக்குங்க. ஒண்ணும் கொறையில்லைங்க. புள்ளைய ஸ்கூல விட்டு நிப்பாட்டிறாதீங்க."

உள்நாட்டு யுத்தம் இன்னும் முடியாத காலம் அது. பெயர் எழுதக் கொப்பியோடு வருபவர் எவராயினும் தோட்டத்தில் ஒரு நடுக்கம் இருந்தது. ஆனால் கிழவியின் நடுக்கம் அதனிலும் பழையது. என் பத்து வினாக்களில் ஏழு, அவர் இளம் பெண்ணாயிருந்தபோது ஓர் அதிகாரி மேசைக்கு அப்பாலிருந்து கேட்டவை.

இளம் ஆசிரியை அன்று தம் கொப்பியில் எழுதிக்கொண்டது மிகச் சில வரிகளே. பாடம் பழுதானதற்குக் காரணம் பிள்ளைகளின் அசிரத்தையோ பெற்றோரின் அறியாமையோ என்று எழுதும் எங்கள் வழக்கமான வாசகம் அதில் இல்லை. வினாவின் உருவத்தை மாற்ற வேண்டும் என்று குறித்திருந்தார். செயல்நிலை ஆய்வு என்பதன் சாரம் எனக்கு விளங்கியது அந்த வரியில்தான். ஆராய்ச்சி நிலையத்துப் பாத்தியில் செடி வாடினால் செடியை அளப்பார்கள். இங்கே அளக்கப்பட வேண்டியவன் நான்.

இரண்டாம் சுற்றில் வினாத்தாளே இல்லை. வீட்டிலுள்ள ஒரு பழம்பொருளைக் கேட்டுவாங்கிக் கொண்டுவரும்படி மட்டும் சொன்னோம். பித்தளைச் செம்பு வந்தது, காது வளர்த்த பாம்படம் வந்தது, உடைந்த கவ்வாத்துக் கத்தி வந்தது, ஒரு பழைய சம்பளத் துண்டு வந்தது. பொருளைப் பற்றிப் பிள்ளைகளுக்குள் சந்தேகங்கள் எழுந்தன. ஒருவன் சம்பளத் துண்டிலே கழிக்கப்பட்ட தொகைகளைக் கூட்டிப் பார்த்து, மிச்சம் வந்த தொகையில் நான்கு பேர் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று கேட்டான். நூலில் விடையில்லாத முதலாவது வினா. சில வாரங்கள் கழித்து, அந்த அம்மாயியை நாங்களே போய் அழைத்துவந்தோம். வகுப்பின் நடுவில் என் நாற்காலியைப் போட்டு அவரை அமர்த்த முயன்றோம். மிகவும் வற்புறுத்திய பிறகு அதன் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். பிள்ளைகள் தரையில். நான் ஜன்னலோரம் நின்றேன்.

செம்பைத் தொட்டுப் பார்த்ததும் பேச்சு தானாக வந்தது. மண்டபம் முகாமில் தம் தாய் கண்ட அம்மை ஊசி, ஆட்களைக் கூட்டும் பிரட்டுத் தப்பு அடிக்கும் அதிகாலை, கருமாதிக்கு ஊருக்குப் போன மாமனார் திரும்பி வந்த தேதியைப் பற்றி அதிகாரிக்கும் அவருக்கும் நடந்த வாக்குவாதம். மாணவி ஒருத்தி, அந்தத் தேதி ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டாள். கிழவிக்கு அதன் காரணம் இன்றுவரை தெரியாது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனையைக் கரும்பலகையில் நான் எழுதிக் காட்ட, பிள்ளைகள் மாதங்களை விரல்விட்டு எண்ணினார்கள். எண்ணி முடித்து, மாமனார் தப்பிவிட்டார் என்று ஒருவன் கூவ, வகுப்பே சிரித்தது. அம்மாயியும் சிரித்தார்.

சிரிப்பு ஓய்ந்ததும் அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரையாவுக்குப் பூர்வீகம் எந்த ஊருங்க?"

துறையூர்ப் பக்கம் என்று என் அப்பாயி சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்தக் கிராமம், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்பதை நான் எந்நாளும் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. கேட்கக்கூடியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அதைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த பேத்தி கொப்பியைப் புரட்டி, புதிய பக்கத்தில் வினாவை எழுதி, அதன் கீழே நிதானமான எழுத்தில் விடையையும் எழுதினாள்: சேருக்குத் தெரியாது.